பாண்டரோசா பைன் காட்டுக்கு வனத்துறையே தீ வைக்கலாமா?

அமெரிக்காவில், வடக்கு அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரைச் சுற்றியுள்ள காடுகளில், சருகு குவிந்து பெருந்தீ மூளாமலிருக்க வனத்துறையினரே திட்டமிட்டுத் தீ வைக்கும் பருவம் வந்தால், அதைக் கண்டிக்கும் பதிவுகளும் கூடவே வந்துவிடுகின்றன. காட்டைக் காக்க வேண்டியவர்களே கொளுத்தலாமா என்ற கேள்வி மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமானதுதான். ஃபீனிக்ஸ் வெயிலுக்குத் தப்பி அந்த மலைப்பகுதிக்குப் போய்வருகிற பலரைப் போல நானும் அந்தப் புகையில் இருமியவன்தான். ஆனாலும் அங்கு நிற்கும் பாண்டரோசா பைன் மரத்தை அறிந்தவர்கள், தீயே கூடாது என்று சொல்லத் தயங்குவார்கள் என்றே நினைக்கிறேன்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து மெக்ஸிகோ வரையிலும், பசிபிக் கரையோர மாநிலங்களின் மலைகளிலிருந்து தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் வரையிலும் பரவியிருக்கும் மரம் இது. மொன்டானாவுக்கு இதுவே மாநில மரம். ஒரேகானில் 80 மீட்டரைத் தாண்டி வளர்ந்தவையும் உண்டு. இளமையில் கருத்திருக்கும் பட்டை, நூறு வயதைக் கடந்த பிறகு மெல்ல மெல்லச் செம்மஞ்சள் நிறத்துக்கு மாறி, அகலமான தட்டுகளாகப் பிளந்து நிற்கும். அந்தத் தட்டின் விளிம்பை விரலால் நெருடினால் வளைவும் நெளிவுமான சிறு செதில்கள் உதிரும். வெயில் ஏறிய வேளையில் பட்டையின் வெடிப்பருகே மூக்கைக் கொண்டுபோனால் வெனிலா ஐஸ்கிரீம் வாசனை அடிக்கும். ஊசியிலைகள் பெரும்பாலும் மூன்று மூன்றாகச் சேர்ந்து, ஏறத்தாழ ஒரு சாண் நீளத்துக்கு வளர்கின்றன.

இந்த உடலமைப்பு முழுவதும் தீயோடு வாழப் பழகிய ஒன்று. தடித்த பட்டை அடிமரத்தின் உயிருள்ள திசுவை வெப்பத்திலிருந்து காக்கிறது. மரம் வளர வளரக் கீழ்க்கிளைகளை உதிர்த்துவிடுவதால், தரையில் ஓடும் நெருப்புக்கு மேலே ஏற வழி கிடைப்பதில்லை. உதிர்ந்து காய்ந்த ஊசிகளும் புல்லும் சட்டென்று எரிந்து அடங்கும்; அந்தத் தீ நெருக்கமாக முளைத்த கன்றுகளை அழித்துப் பெரிய மரங்களுக்கு நீரும் வெளிச்சமும் விட்டுக்கொடுக்கும். தீயில் காயம்பட்டும் பிழைத்த மரங்களின் ஆண்டு வளையங்களில் கருகிய வடுக்கள் பதிந்திருக்கின்றன. அவற்றை எண்ணிப் பார்த்தவர்கள், தென்மேற்கு மாநிலங்களின் பல இடங்களில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரைத்தீ வந்துபோயிருக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். மின்னல் மூட்டியவற்றோடு பூர்வகுடி மக்கள் மூட்டியவையும் அவற்றில் அடங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆடுமாடுகள் புல்லை மேய்ந்து தீர்த்ததும் அந்தத் தீ பரவ வழியில்லாமல் போயிற்று. 1910இல் ஐடஹோவிலும் மொன்டானாவிலும் ஏறத்தாழ முப்பது லட்சம் ஏக்கர் எரிந்த அதிர்ச்சிக்குப் பிறகு, தீ என்றாலே அணைப்பது என்ற போக்கு வனத்துறையில் வலுப்பெற்றது. 1935இல், எந்தத் தீயையும் மறுநாள் காலை பத்து மணிக்குள் கட்டுப்படுத்த வேண்டும் என்று விதியே வகுத்தார்கள். பாண்டரோசாவுக்குத் தீ தேவை என்று ஹெரால்ட் வீவர் என்ற வன அலுவலர் 1943இலேயே எழுதியும், அந்தக் குரல் எடுபடப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் ஏக்கருக்குச் சில பத்து மரங்கள் நின்ற இடங்களில் பல நூறு மெலிந்த மரங்கள் நெருக்கியடித்து நின்றன. வறட்சியில், வண்டுகளைத் தடுக்கும் பிசினைச் சுரக்க வலுவில்லாத மரங்களைப் பட்டை வண்டுகள் தின்றன. 2002இல் அரிசோனாவில் மூண்ட ரோடியோ–செடிஸ்கி தீ, மர உச்சிகளின் வழியே தாவி நான்கரை லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. அதிலும், அபாச்சி பூர்வகுடி மக்களின் நிலத்தில் முன்பே திட்டமிட்டு எரித்திருந்த பகுதிகளில் சேதம் குறைவாகவே இருந்தது.

எதிர்ப்பவர்களின் அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. 2000ஆம் ஆண்டில் நியூ மெக்ஸிகோவில் இப்படி வைத்த தீ கைமீறி லாஸ் அலாமோஸில் நூற்றுக்கணக்கான குடும்பங்களை வீடற்றவர்களாக்கியது; 2022இல் அதே மாநிலத்தில் மறுபடியும் கைமீறியது. காற்றைக் கணிக்காமல் கொளுத்துவது குற்றம் என்பதில் இரண்டாம் கருத்தில்லை.

தீக்குப் பதிலாக வெட்டி எடுக்கலாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். பாண்டரோசாவுக்குப் பயன்கள் இல்லாமல் இல்லை. கதவு, ஜன்னல் சட்டங்களுக்கும் அறைகலன்களுக்கும் அந்த மரம் ஏற்றது. பூர்வகுடிகள் வசந்த காலத்தில் அதன் இனிப்பான உட்பட்டையை உரித்து உண்டிருக்கிறார்கள். தென்மேற்கின் பூர்வகுடிகளான புவெப்லோ மக்களின் பழங்காலக் குடியிருப்புகளின் காலத்தை, ஆண்டு வளையங்களைக் கொண்டு 1929இல் கணிக்க உதவிய உத்திரமும் பாண்டரோசாதான். ஆனால் மரத் தொழிலுக்கு வேண்டியவை பருத்த மரங்கள். காட்டில் மிகுந்து கிடப்பவையோ விலைபோகாத மெலிந்த மரங்கள். அவற்றை வெட்டி எடுக்கும் செலவு பல இடங்களில் விற்று வரும் பணத்தைவிட அதிகம். வெட்டினாலும் தரையில் கிடக்கும் சருகை அகற்ற நெருப்புதான் வேண்டும். ஆகவே நம் முறையீடு, எரிக்கும் நாட்களை முன்கூட்டியே அறிவியுங்கள், காற்று சரியில்லாத நாளில் தள்ளிப்போடுங்கள், ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் காற்று வடிகட்டிகள் கொடுங்கள் என்பதாக இருக்கட்டும்.