பாலாறு எவ்வளவு அகலம்? ரயில் பாலத்தைப் பாருங்கள்

"தண்ணியே இல்லாத ஆத்துக்கு எதுக்குங்க இவ்ளோ நீளப் பாலம்?" காட்பாடியிலிருந்து வேலூர் கண்டோன்மெண்ட் வரும்போது எதிர் சீட்டுத் தம்பி கேட்டார். வெளியூர்ப் பிள்ளை, அவர் மேல் தப்பில்லை. அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

1856-லேயே ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் வந்துவிட்டது. அந்த லைன் பிறகு காட்பாடிக்கு நீண்டபோதும் பாலாற்றுக்கு வடகரையிலேயே இருந்தது. வேலூர்க் கோட்டை இருக்கிற தென்கரைக்கு ரயில் வர ஆற்றைக் கடந்தாக வேண்டும். 1891-ல் விழுப்புரம்–காட்பாடி–பாகாலா மீட்டர்கேஜ் பாதை வந்தபோதுதான் அது நடந்தது. பாலம் கட்டியவர்கள் கோடைக்கால ஆற்றைப் பார்த்து நீளத்தை முடிவு செய்யவில்லை. வெள்ளம் எதுவரை வரும் என்று பார்த்துத்தான் தூண் இறக்கினார்கள். 1903 நவம்பரில், மேலே மைசூர் பக்கம் ஏரி உடைந்து வாணியம்பாடியை வெள்ளம் வாரிக்கொண்டு போனதே, அதுவும் இதே பாலாறுதான்.

எங்கள் தாத்தா சொல்வார்: "பாலாறு மேல ஓடலன்னா மணலுக்குள்ள ஓடுது." சின்ன வயதில் மணலைக் கையாலேயே தோண்டி ஊற்றுத் தண்ணீர் குடித்திருக்கிறேன். முதலில் கலங்கலாக வரும், இரண்டு முறை இறைத்துவிட்டால் கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும். தலைக்கு மேலே மீட்டர்கேஜ் ரயில் கடகடவென்று போகும்போது குழியின் ஓரத்து மணல் பொலபொலவென்று சரியும்.

இப்போது அதே இடத்தில் இறங்கினால் சீமைக்கருவேலமும் குப்பையும்தான். ஒரு தூணில் பழைய மணல் மட்டம் ஒரு கோடாகப் படிந்திருக்கிறது. பக்கத்தில் நின்று பார்த்தேன், என் தோளுக்கு வருகிறது. அத்தனை மணலும் லாரி ஏறிப் போயிருக்கிறது.

மணல் போனால் தண்ணீர் மட்டுமா போகும்? தூணின் பிடிமானமே அதுதான். சுற்றி மணல் இறங்க இறங்க அஸ்திவாரம் வெளியே தெரியும், வெள்ளம் நேராக அங்கேதான் அரிக்கும். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதை ஊரே திரண்டு போய்ப் பார்த்தோம். அடுத்த மாதமே திருவலம் அருகே பொன்னையாற்று ரயில் பாலத்தில் விரிசல் கண்டு, சென்னை–காட்பாடி ரயில்கள் நின்றன. அங்கே காரணம் என்னவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், ஒரு பாலம் படுத்தால் நம் பிழைப்பு எப்படி முடங்கும் என்று அந்தச் சில நாட்களில் பார்த்தோம் இல்லையா?

அதனால் கேட்கிறேன். அந்தக் கோடு மறுபடி மணலுக்குள் மறையும் வரை பாலத்துக்கு மேலேயும் கீழேயும் ஒரு சட்டி மணல்கூட யாரும் அள்ளக் கூடாது. மாட்டு வண்டியானாலும் சரி, லாரியானாலும் சரி.