எந்த ஊர்ல மழை?

திண்டுக்கல், காரைக்குடிக்கெல்லாம் தனியார் எஃப்எம் வரப்போகிறது என்று 2024 ஆகஸ்டில் செய்தி வந்த அன்று, பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கைதட்டல். மத்திய அமைச்சரவை ஒப்புதல், 234 புது ஊர்கள், ஏலத்துக்கு 730 அலைவரிசைகள். நான் ஒரு கட்டைவிரல்கூடப் போடவில்லை. "என்ன தலைவா, சந்தோசம் இல்லையா?" என்று கேட்டவர்களுக்காக இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2009-லிருந்து ஏழு வருசம் மதுரையில் ஒரு எஃப்எம்முக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்தவன் நான். மைக் பக்கமே போனதில்லை. பைக்கில் கீழமாசி வீதி, விளக்குத்தூண், டவுன்ஹால் ரோடு, வாரத்தில் ஒரு நாள் திருமங்கலம், ஒரு நாள் உசிலம்பட்டி. ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டினால் எங்கள் சத்தம் கரகரத்துவிடும். எஃப்எம் அலை நேர்கோட்டில் போகிறது, மலை மறித்தால் நின்றுவிடும். கோடை பண்பலைக்கு அந்தக் கவலை இல்லை. ஆகாசவாணிக்காரர்கள் கோபுரத்தையே கோடைக்கானல் மலை மேல் நட்டுவிட்டார்கள். 100.5 தேனியிலும் கேட்கும், மதுரையிலும் கேட்கும். "நீங்க ஏம்ப்பா மலையில வைக்கல?" என்று கம்பத்து வியாபாரி ஒருவர் என்னைக் கேட்டார், ஏதோ நான்தான் இடம் பார்த்த மாதிரி.

எங்களுக்கு ரொம்ப முன்னாலேயே இந்த ஊர் விளம்பர ரேடியோவுக்குப் பழகிவிட்டது. அது வந்தது கடல் தாண்டி. 1952-ல் கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்து ஆகாசவாணியில் சினிமாப் பாட்டை நெருக்க, நம் சனம் முள்ளை அப்படியே திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டது. எங்கள் தாத்தா ராத்திரியில்தான் வைப்பார். இருட்டிய பிறகு மத்திய அலை தூரம் போகும், சிலோன் பக்கத்துத் தெருவில் பேசுகிற மாதிரி இருக்கும். அதன் அறிவிப்பாளர்கள் மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது எல்லாம் எங்கள் வீட்டில் சொந்தக்காரர்கள் மாதிரி. போட்டிக்கு இங்கே விவித பாரதி 1957-ல் வந்தது. அதில் விளம்பரம் நுழைய இன்னும் பத்து வருசம், அதுவும் முதலில் பம்பாய்ப் பக்கம்தான். சிலோன்காரர்கள் பற்பசை விளம்பரத்தைச் சொன்னால்கூட நம்மிடம் சொல்கிறார்கள் என்று தோன்றும். இந்த ஒன்றைத்தான் நான் கடை கடையாக ஏறி விற்றேன் என்று நினைக்கிறேன்.

கீழமாசி வீதியில் ஒரு மளிகைக் கடை அண்ணாச்சி. மூன்று மாதம் நடந்தேன். கடைசியில் ஒரு நாள் கல்லாவிலிருந்து நிமிர்ந்து, "பத்து செகண்டுல என்னத்தப்பா சொல்றது? எங்கப்பா இனிசியலோட கடைப் பேரச் சொல்லி முடிக்கவே அஞ்சு செகண்டு போயிரும்" என்றார். இனிசியலை எடுத்துவிடலாமே என்றதற்கு அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! சரி என்று இருபது செகண்டாக்கி, சென்னையில் குரல் பதிந்து வாங்கிக்கொண்டு போய் என் போனில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "தம்பி, இந்தாளு கடைக்குக் கூப்புடுற மாதிரி இல்லையே, கடைய ஜப்தி பண்ண வந்தவன் மாதிரி பேசுறான்."

கடைசியில் எங்கள் டிரைவர் அண்ணனைத்தான் பேச வைத்தோம். மேலூர்க்காரர். "வெளக்குத்தூணுக்குப் பின்னாடி, நம்ம கடதேன்" என்று ஒரே டேக். ஆடி மாதம் முழுக்க ஓடியது. கிராமத்திலிருந்து மொத்தச் சரக்கு எடுக்க வந்தவர்கள் கல்லா முன்னால் நின்று "நம்ம கடதேன்" என்று ராகம் போட்டுவிட்டுத்தான் சீட்டை நீட்டினார்களாம். அண்ணாச்சி அடுத்த வருசத்துக்கும் சேர்த்தே செக் கொடுத்தார்.

தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி சொல்லக்கூடாது, அன்றும் இன்றும் அதுதான் சட்டம். மத்திய அரசின் 2011 எஃப்எம் கொள்கைக்குப் பிறகு ஆகாசவாணிச் செய்தியை ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அப்புறம் ஊர் விசயம் எங்கிருந்து வரும்? விளம்பரத்திலிருந்துதான் வந்தது. எந்தக் கடை இடம் மாறியது, எந்த மண்டபத்தில் இலவசக் கண் முகாம், தள்ளுபடி எந்தத் தேதியோடு முடிகிறது, எல்லாம் இருபது செகண்டுக்குள். இதை அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை, நானும்தான்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். எங்களை வாழவைத்தது மின்வெட்டு. 2012-ல் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேலேயே கரண்ட் இருக்காது. டிவி செத்துக் கிடக்கும். நோக்கியா போனில் இயர்போனைச் சொருகினால் அதன் வயரே ஏரியல். ஊரே கரண்ட்டைத் திட்டிக்கொண்டிருக்கும், நான் மட்டும் ரேட் கார்டைத் தூக்கிக்கொண்டு சிரித்த முகமாகப் போவேன். பாவம்தான்!

பிறகு வந்தது நெட்வொர்க்கிங். ஒரே நிகழ்ச்சியை ஓர் இடத்தில் தயாரித்துப் பல ஊரில் ஒலிபரப்பும் சலுகை முன்பு சிறிய ஊர்களுக்கு மட்டும் இருந்தது. 2011 கொள்கை அதை எல்லா ஊருக்கும் திறந்துவிட்டது. அந்தக் கொள்கைப்படி உரிமம் மாறியதும், எங்கள் நிலையத்தில் பகல் நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாகச் சென்னைக்குப் போயின. செலவு மிச்சம் என்றார்கள். கணக்குப்படி உண்மைதான், அதை மறுக்கமாட்டேன்.

2016 மே மாதம், கத்திரி வெயில். மத்தியானம் அண்ணாச்சியிடமிருந்து போன். எங்கள் நிலையத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "தம்பி, வெளிய நல்ல மழை, சூடா ஒரு டீயப் போட்டுக் குடிச்சுக்கிட்டே கேளுங்கன்னு ஒரு பொண்ணு சொல்லுது. எந்த ஊர்ல மழை?" சென்னையில் மழை. இங்கே அவர் கடை வாசலில் தார் இளகிக் கிடந்தது. கோபமே இல்லாமல்தான் கேட்டார். அந்த ஆடிக்கு அவர் விளம்பரம் தரவில்லை. வருசக் கடைசியில் நானும் வேலையை விட்டுவிட்டேன்.

மணிக்கு 10 நிமிடம் செய்தி சொல்ல தனியார் எஃப்எம்மை அனுமதிக்கலாம் என்று 2023-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. நல்ல விசயம், அனுமதிக்கட்டும். ஆனால் திண்டுக்கல் பூட்டுக்கடைக்காரருக்கு அந்தப் பத்து நிமிடத்தையும் சென்னையிலிருந்தே வாசித்தால் என்ன பிரயோசனம்? ஒரு நாளில் இத்தனை மணி நேரம் அந்த ஊரில் உட்கார்ந்துதான் பேச வேண்டும் என்று உரிமத்திலேயே எழுதினால் ஒழிய, இந்த 730-க்கும் நான் கைதட்டப் போவதில்லை.

நேற்று அந்தக் குழுவில் ஒருவன், "திண்டுக்கல் வந்தா நீதான் சேல்ஸ் பாக்கணும்" என்று போட்டிருந்தான். ஸ்டுடியோவும் அங்கேதானா, இல்லை டவர் மட்டுமா என்று கேட்டேன். "மொதல்ல ஏலம் முடியட்டும் தலைவா" என்று பதில் வந்திருக்கிறது.