ஆன்டிபயாட்டிக் மட்டும் போதுமா?

‘பல் வேரில் கிருமி புகுந்தால் ஒரு கோர்ஸ் ஆன்டிபயாட்டிக் போதும், ரூட் கேனல் செலவு வீண்’ என்று இணையத்தில் ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். ரூட் கேனல் என்பது பல் வேரின் உள்ளே இருக்கும் குழாயைச் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை. சிங்கப்பூரில் பல் மருத்துவச் செலவைப் பார்த்தால் அப்படி நம்பத் தோன்றுவது புரிகிறது. ஆனால் விஷயம் அப்படியில்லை.

மாத்திரை இரத்தம் வழியாகத்தான் போகும். பல்லின் உள்ளே இருக்கும் கூழ் (நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள மென்மையான திசு) செத்துவிட்டால் அங்கே இரத்த ஓட்டமே இருக்காது. கிருமிகளோ வேர்க்குழாயின் சுவரில் படலமாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். பெரும்பாலும் ஆக்சிஜன் இல்லாமலே வாழும் வகைகள். ஃபியூசோபாக்டீரியம், பிரிவோடெல்லா என்ற பாக்டீரியாக்கள் மாதிரி. மருந்து அவற்றைப் போதிய அளவில் எட்டுவதில்லை. வலி அடங்கலாம், அதுதான் ஏமாற்றுகிறது. குழாயைச் சுத்தம் செய்து அடைக்க வேண்டும், இல்லை பல்லையே எடுக்க வேண்டும்.

காய்ச்சல், பரவும் வீக்கம் இருந்தால் ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள்தான். அப்போதும் அது துணைக்கு மட்டுமே.

சரிபார்ப்பது எளிது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் பல்வலி, வீக்கத்துக்கான ஆன்டிபயாட்டிக் பற்றி வெளியிட்ட வழிகாட்டியை இணையத்தில் தேடிப் பாருங்கள். எதிர்ப்பு சக்தி குறையாத பெரியவர்களுக்கு, பல் சிகிச்சை உடனே கிடைக்குமென்றால், பெரும்பாலான நேரம் ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்றுதான் அதில் இருக்கும். அப்புறம், மருந்து முடிந்த பிறகு எடுத்த எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லி, வேர் நுனியில் கருநிழல் (எலும்பு கரைந்திருப்பதன் அடையாளம்) இருக்கிறதா என்று உங்கள் பல் மருத்துவரிடமே கேட்கலாம்.