முதல்ல எக்ஸ்ரே எடுங்க, அப்புறம் வாழைத்தண்டைப் பத்திப் பேசலாம்

ஞாயித்துக்கிழமை அந்த வாட்ஸப் குரூப்ல நடந்த கூத்தை உங்கள்ல பாதிப் பேர் பாத்திருப்பீங்க. நாய் மூத்திரத்துல ரத்தம் வருதுன்னு ஒரு பையன் பதறிப்போய் கேக்கான். அதுக்கு நம்ம அண்ணாச்சி, "வாழைத்தண்டு சாறு கொடு தம்பி, கல்லு கரைஞ்சு ஓடிரும். டாக்டருங்க வெட்டுததுலயே குறியா இருப்பாவ"ங்காரு. வரிசையா ஹார்ட். நான் "எக்ஸ்ரே எடுங்க"ன்னு சொன்னதுக்கு, "அடுத்து நாய்க்கு ஆதாரும் எடுப்பீங்களோ"ன்னு சிரிப்பு. சரி, சிரிங்க.

வாழைத்தண்டு மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. களக்காட்டுக்காரிக்கு வாழை மேல கோவம் வருமா? நான் கேக்கது ஒண்ணுதான். உள்ள கிடக்கது என்ன கல்லு? அது தெரியாம எதைக் கரைக்கப் போறீங்க?

நாய்க்கு மூத்திரப்பையில வர்றதுல ரெண்டு கல்லுதான் அதிகம். ஸ்ட்ரூவைட் பெரும்பாலும் கிருமி தொத்தி வர்றது, பொட்டை நாய்க்கு ஜாஸ்தி. ஆன்டிபயாடிக்கும் அதுக்குன்னு இருக்க தீனியும் கொடுத்தா, கத்தி வைக்காமலே சில வாரத்துலயோ மாசத்துலயோ கரைஞ்சிரும். ஆமா, கரையும், நானே சொல்லுதேன். கால்சியம் ஆக்சலேட் கரையாது. எந்த மருந்துக்கும் கரையாது, எடுத்துத்தான் ஆகணும். டால்மேஷன் ஜாதி நாய்க்கு வர்ற யூரேட் கல்லு சாதா எக்ஸ்ரேல பல நேரம் தெரியவே தெரியாது, ஸ்கேன்லதான் சிக்கும். எக்ஸ்ரே, ஸ்கேன், மூத்திர டெஸ்ட், என்ன கிருமின்னு வளத்துப் பாக்க கல்ச்சர்னு ஒவ்வொண்ணா கேக்கது இதுக்குத்தான். பில்லை ஏத்த இல்ல.

எங்க நாய் மணி கதை தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். காலைத் தூக்குவான், நிப்பான், ரெண்டு சொட்டு விழும். அடுத்த செவத்துக்குப் போவான், திரும்பத் தூக்குவான். "நீர்க்கடுப்புடி, இளநி கொடு"ன்னு பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னாவ. முதல்ல காட்டின டாக்டர் வயித்தைத் தொட்டுக்கூடப் பாக்கல, ஊசி போட்டு அனுப்பிட்டாரு. ரத்தம் நின்ன மாதிரி நின்னு திரும்ப வந்துட்டு. வேற இடத்துல எக்ஸ்ரே எடுத்தா, பையில நாலஞ்சு கல்லு, மூத்திரக் குழாய்ல ஒண்ணு. கடுவன் நாய்க்குக் குறிக்குள்ள ஒரு எலும்பு உண்டு. அங்கன குழாய் விரியாது, கல்லு வந்து மாட்டிக்கும். ட்யூப் விட்டு, சலைன் அடிச்சு, அதைப் பைக்கே திருப்பித் தள்ளி, அப்புறம்தான் ஆபரேஷன். கல்லை ஒரு டப்பால போட்டுக் கொடுத்தாவ. நெருஞ்சிமுள் மாதிரி சுத்தி முள்ளு முள்ளா இருந்துச்சு. லேப்ல கால்சியம் ஆக்சலேட்னு வந்துச்சு. களக்காட்டுத் தண்டு பூரா பிழிஞ்சு ஊத்தியிருந்தாலும் அது அசைஞ்சிருக்காது.

"வாழைத்தண்டு மனுசனுக்குக் கேக்குதே?" சின்னக் கல்லு தண்ணி குடிச்சாலே இறங்கிரும், பேரு தண்டுக்கு. மனுசனுக்கு வலிச்சா வாயைத் திறந்து சொல்லுவான். மணி சொல்லல, குனிஞ்சு நக்கிட்டே கிடந்தான்.

"எங்க தாத்தா காலத்துல எவன் நாய்க்கு ஆபரேஷன் பண்ணினான்?" எத்தனை நாய் இதுல செத்துச்சுன்னு உங்க தாத்தா கணக்கு வச்சிருந்தாரா? தோட்டத்துப் பக்கம் போச்சு, காணோம்னு விட்டுருப்பாவ.

"காசுக்கு எங்க போக?" இது நியாயமான கேள்வி. திருநெல்வேலி பக்கத்துல ராமையன்பட்டியில 2012லருந்து அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்க கொண்டு போங்க.

கடைசியா ஒருத்தர் எழுதினாரு பாருங்க, "பிள்ளை இல்லாத வீட்டுல நாய்தான் ராஜா"ன்னு. இது வாழைத்தண்டைப் பத்தின பேச்சா? எங்க வீட்டு விசேஷத்துல முதப் பந்தியில உக்காந்து சாப்பிட்ட மனுசன் அவரு. மணிக்குச் செலவழிச்சது என் சம்பளம், எவர்கிட்டயும் கைமாத்து வாங்கல. அதுக்கும் ஹார்ட் போட்டிருக்கீங்க. யாரு யாருன்னு பாத்து வச்சிருக்கேன்.

அந்தத் தம்பிக்கு மட்டும்: உங்கது கடுவன்னு போட்டிருந்தீங்க. முக்கியும் சொட்டுக்கூட வரலன்னா அடைச்சிருக்கு. ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயமே நின்னுரும், நாளைக்குப் பாப்போம்னு வைக்காதீங்க. ராத்திரியானாலும் வண்டியை எடுங்க. அண்ணாச்சிக்குப் பதில் நான் சொல்லிக்கிடுதேன்.