போன் நல்லாத்தான் இருக்கு, ஆனா செத்துப்போச்சாம்

நேத்து பெங்களூர் அல்சூர் மார்க்கெட்ல 2 முழம் மல்லி வாங்கிட்டு க்யூஆர் ஸ்கேன் பண்ணலாம்னு பாத்தா பேங்க் ஆப் திறக்கவே மாட்டேங்குது, உங்க போன் பாதுகாப்பா இல்லையாம். பூக்காரம்மா "பரவால்ல கண்ணு, நாளைக்கு குடு"ன்னாங்க, மானமே போச்சு.

2020ல வாங்கின போன். பேட்டரி மட்டும் எஸ்பி ரோட்ல மாத்தினேன், மத்தபடி ஒரு கீறல் கிடையாது. கம்பெனிக்காரன் 2 வருஷத்துல அப்டேட்டுக்கு கும்பிடு போட்டுட்டான். சரி நாமளே பாத்துக்கலாம்னு ஒரு ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து, சோறு கூட ஆறிப்போய், பூட்லோடர (போன் ஆன் ஆகும்போது எந்த ஓஎஸ் ஓடலாம்னு பாக்குற பூட்டு) அன்லாக் பண்ணி, லீனியேஜ்ஓஎஸ்னு ஆர்வலர்கள் சேந்து பண்ற இலவச ஆண்ட்ராய்ட ஏத்தினேன், இப்ப மாசாமாசம் செக்யூரிட்டி பேட்ச் வருது. ஆனா பேங்க் ஆப்பு, இந்த போன நம்பலாமான்னு கூகுளோட ப்ளே இன்டெக்ரிட்டிங்கற சோதனைய கேக்குது, அது பூட்லோடர் தொறந்திருக்குன்னு போட்டுக்குடுத்துடுது. ரூம்மேட் போன்ல 3 வருஷமா பேட்ச்சே வரல, அதுல அதே ஆப் ஜம்முனு ஓடுது! என்ன நியாயமோ.

கேமரா வேற சொதப்புது. ஓஎஸ்ஸோட அடித்தளமான கெர்னல் ஜிபிஎல்ங்கற திறந்த லைசென்ஸ்ல இருக்கறதால கம்பெனி அதோட சோர்ஸ் கோட குடுத்தே ஆகணும், ஆனா கேமராவ ஓட்டுற மத்த சாஃப்ட்வேரெல்லாம் சோர்ஸ் தராம பூட்டி வச்ச பைனரிதான், நைட் மோட் காலி.

கம்பெனிங்க மனசு வச்சா முடியாதா என்ன? 2023ல வந்த ஃபேர்போன் 5க்கு 2031 வரைக்கும் சப்போர்ட்டு, பிக்சல் 8க்கு 7 வருஷம். ஐரோப்பால 2025 ஜூன்லேர்ந்து, விக்கிறத நிறுத்தின அப்புறமும் 5 வருஷம் ஓஎஸ் அப்டேட் கிடைக்கணும்னு ரூலே போட்டாச்சு.

இன்னிக்கு ஏடிஎம்ல காசெடுத்து பூக்கடன அடைக்கப் போறேன், சில்லறை வேற கேப்பாங்க.