ஏற முடியாதுன்னு யாரைச் சொன்னீங்க?

ஞாயிற்றுக்கிழமை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசையில், ஆளுக்கொரு கதாபாத்திரமாகி டைஸ் உருட்டி ஆடுகிற ஆட்டத்தில், நடந்தது நம்ம குரூப்பில் எல்லோருக்கும் தெரியும். யார், என்ன என்று திரும்ப விளக்கப் போவதில்லை. மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நேற்று ராத்திரி "ஒரு செவுத்துக்குப் போயா இத்தனை கோவம், சாரமில்ல விடு" என்று ஒரு வாய்ஸ் நோட் வந்தது. அதைக் கேட்ட பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

ஆமாம், ஒரு சுவருக்குத்தான்.

நாற்பதடிக் கோட்டைச் சுவர். கரடுமுரடான கல், பாதிக்கு மேல் கொடி படர்ந்திருக்கிறது. வர்ணித்தது நானல்ல, ஆட்டத்தை நடத்துகிற டி.எம். அண்ணன். என் கதாபாத்திரம் செங்கோடன் 11-ம் லெவல் ஃபைட்டர், கத்திக்காரன். ஸ்ட்ரெங்த், அதாவது உடல்பலம், 20. ஏறுகிறேன் என்றேன். மூன்று ரோல் போடு, அதாவது இருபது முக டைஸை மூன்று தடவை உருட்டு, ஒவ்வொன்றிலும் 15 வரணும் என்றார். முதல் ரோல் தாண்டியது. இரண்டாவதில் 4 விழுந்தது. பலத்துக்கும் பயிற்சிக்கும் எனக்குள்ள 9-ஐக் கூட்டினால் 13. முப்பதடியிலிருந்து கீழே விழுந்தேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த நிமிடம், மந்திரக்காரனான விசார்டாக ஆடுகிற நம்ம தம்பி "டைமென்ஷன் டோர்" என்றான். நினைத்த இடத்துக்குத் தாவ வைக்கிற ஸ்பெல், அதாவது மந்திரம், அது. மேலே நின்றான். அவனிடம் யாரும் ரோல் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, புத்தகத்தில் அப்படி எழுதியிருக்கிறது.

எனக்கு மட்டும் ஏன் மூணு ரோல்ணா என்று கேட்டதற்கு வந்த பதில் இது: "இரும்புச் சட்டை போட்டவன் அத்தனை ஒசரம் ஏறுவானா? கொஞ்சமாச்சும் ரியலிஸம் வேணும்ல."

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். நாம் ஆடுவது 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு. அதில் இரும்புச் சட்டை போட்டால் சத்தமில்லாமல் நடப்பதுதான் கஷ்டம், ஏறுவதற்கு எந்தத் தடையும் இல்லை. அந்தத் தண்டனை நாலாம் பதிப்போடு போய்விட்டது. இன்னொன்று, வழுக்குகிற சுவருக்கோ பிடிமானம் இல்லாத சுவருக்கோதான் டி.எம். விரும்பினால் ரோல் கேட்கலாம் என்றிருக்கிறது. மற்ற சுவரில் ஏறினால் வேகம் பாதியாகும், அவ்வளவுதான். நம்ம சுவரில் கல்லும் இருந்தது, கொடியும் இருந்தது.

ஆனால் விதியைத் தப்பாகச் சொன்னதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. மந்திரக்காரன் சொன்னால் அது நடந்துவிடுகிறது. கத்திக்காரன் சொன்னால் அது மனுவாகிறது. அனுமதி வாங்கணும், டைஸ் உருட்டணும், "நிஜத்தில் முடியுமா" என்ற விசாரணையைத் தாண்டணும். இரண்டு பேரும் 11-ம் லெவல்தான். ஒருவனுக்கு மட்டும் ஏன் இந்த விசாரணை?

அடி போதவில்லை என்று நான் சொல்லவே இல்லை. அதை யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். 11-ம் லெவலில் ஒரே முறையில் மூன்று வெட்டு, ஆக்‌ஷன் சர்ஜ் என்ற கூடுதல் வாய்ப்பைப் போட்டால் ஆறு. ஒற்றை எதிரியை வெட்டிச் சாய்ப்பதில் ஃபைட்டர் யாருக்கும் குறைந்தவனில்லை. ஆனால் வெட்டுவதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அவன் கைகட்டி நிற்கிறான். பூட்டைத் திறக்க ஒரு ஸ்பெல், பறக்க ஒரு ஸ்பெல், மறைய ஒரு ஸ்பெல், எதிரியைச் சுற்றிச் சுவர் எழுப்ப ஒரு ஸ்பெல். எல்லாம் சொன்னவுடன் நடக்கும்.

இப்போது அந்த ரியலிஸம் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்க அப்பா கள்ளிறக்கினவர். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். இங்கிருந்துதான் கேரளாவில் பல மாவட்டங்களுக்குக் கள்ளு வண்டி போகிறது. அப்பாவுக்குப் பதினாலு தென்னை. காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை, ஆக ஒரு நாளைக்கு இருபத்தெட்டு ஏற்றம். இடுப்பில் கத்தி, குடுவை, பாளை தட்டுகிற கட்டை. இறங்கும்போது குடுவையில் கள்ளின் கனமும் சேரும். மழை பெய்தாலும் போகணும், ஒரு நாள் பாளை சீவாமல் விட்டால் அந்தப் பாளை கெட்டுப்போகும். ஒல்லியான மனுஷன். ஸ்ட்ரெங்த் 20 எல்லாம் கிடையாது. முப்பது வருஷத்தில் ஒரே ஒரு தடவை விழுந்தார், அது ஆடி மாசத்துக் காற்றில்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அண்ணன் வைத்த 15-க்கு என் 9-ஐக் கழித்தால் டைஸில் 6 வேண்டும். அப்படியென்றால் நாலில் ஒரு தடவை விழுவேன். மூன்று ரோல் கேட்டால் நூற்றுக்கு 42 தடவைதான் மேலே போய்ச் சேருவேன். மூன்று வேண்டாம், ஒரே ரோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் எங்க அப்பா ஒரு நாளைக்கு ஏழு தடவை மரத்திலிருந்து விழுந்திருக்கணும். முதல் வாரம் தாண்டியிருக்க மாட்டார், நானும் பிறந்திருக்க மாட்டேன். டிராகன்களோடு பதினோரு லெவல் சண்டை போட்டவனால், கொழிஞ்சாம்பாறைத் தோப்பில் ஒரு மனுஷன் தினமும் இருபத்தெட்டு தடவை செய்ததை ஒரு தடவை செய்ய முடியாதாம். இதற்குப் பெயர் ரியலிஸம் என்கிறீர்கள்.

"மந்திரம்னா மந்திரம்தானே, அதுதான் பெருசா இருக்கும்" என்று தம்பி எழுதியிருந்தான். பெரிதாக இருக்கட்டும் தம்பி, நான் தடுக்கவில்லை. கும்ப மாசத்தில் எங்க ஊரில் கொங்கன் படைத் திருவிழா நடக்கும். கொங்குப் படை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்தபோது பகவதியே இறங்கி வந்து முறியடித்தாள் என்பது ஐதீகம். கொங்குத் தமிழ் பேசுகிற வீட்டில் பிறந்தும் சின்ன வயதிலிருந்து கையெடுத்துக் கும்பிட்டபடிதான் அதைப் பார்க்கிறேன். அது தெய்வம், அதன் முன்னால் கத்தி தோற்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் உன் விசார்ட் தெய்வமில்லை. என்னைப் போலவே முதல் லெவலில் எலி அடித்து மேலே வந்தவன்.

"ஆரம்பத்திலிருந்தே ஆட்டம் இப்படித்தான்" என்கிறவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. அப்படி இல்லை. 1974-ல் கைகாக்ஸும் ஆர்னசனும் வெளியிட்ட முதல் புத்தகத்தில் இரண்டாம் லெவலுக்குப் போக ஃபைட்டருக்கு 2000 அனுபவப் புள்ளி போதும், மேஜிக் யூசருக்கு (விசார்டின் அன்றைய பெயர்) 2500 வேண்டும். அடுத்து வந்த அட்வான்ஸ்ட் பதிப்பில் ஃபைட்டரின் உயிருக்கு டி10, அதாவது பத்து முக டைஸ், மேஜிக் யூசருக்கு வெறும் டி4. ஸ்பெல் சொல்லி முடிப்பதற்குள் ஒரு அடி விழுந்தால் அந்த ஸ்பெல் வீண். ஒன்பதாம் லெவலில் ஃபைட்டர் சொந்தமாகக் கோட்டை கட்டினால் ஆட்கள் தானாக வந்து அவன் கீழே சேருவார்கள். மந்திரக்காரனிடம் மந்திரம், கத்திக்காரனிடம் ஒரு படையும் ஊரும். அந்தக் காலத்திலும் மேல் லெவலில் மந்திரம்தான் ஜெயித்தது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே போய்ச் சேர அவன் விலை கொடுத்தான். 2000-ல் மூன்றாம் பதிப்பு வந்தபோது எல்லோருக்கும் ஒரே புள்ளிக் கணக்கு ஆகிவிட்டது. படையும் ஃபைட்டர் கையைவிட்டுப் போனது, பதிலுக்கு அவனுக்குக் கிடைத்தது ஃபீட் என்கிற சில கூடுதல் சிறப்புத் திறமைகள். ட்ரூயிட் என்கிற இயற்கை மந்திரக்காரன் கூடவே கூட்டிவருகிற ஓநாய் ஃபைட்டருக்குச் சமமாகச் சண்டை போட்டது. வேலிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, ஆதியிலிருந்தே இங்கே வேலி இல்லை என்று சொல்லாதீர்கள்.

"விசார்டுக்கு ஸ்பெல் தீர்ந்துடும்ல." இதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். நம்ம மேசையில் எப்போது தீர்ந்தது? டி.எம். புத்தகம் ஒரு நாளுக்கு ஆறிலிருந்து எட்டு மோதல் என்று கணக்கு வைத்திருக்கிறது. நாம் ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு ஆரம்பித்து, ஒரு சண்டை, பிரியாணி, இன்னொரு சண்டை, ஸ்பெல்லை எல்லாம் திரும்பக் கொடுக்கிற லாங் ரெஸ்ட், வீட்டுக்குப் போகிறோம். 11-ம் லெவல் விசார்டிடம் 16 ஸ்லாட் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பெல் போடலாம். இரண்டு சண்டையும் சேர்ந்து எட்டு ரவுண்டு தாண்டாது. கவனத்தை விடாமல் பிடித்திருக்க வேண்டிய கான்சன்ட்ரேஷன் ஸ்பெல்லை ஒரே நேரத்தில் ஒன்றுதான் பிடிக்க முடியும் என்ற கட்டுப்பாடு உண்மையிலேயே நல்ல கட்டுப்பாடு, அதை மதிக்கிறேன். ஆனால் டைமென்ஷன் டோருக்கு அதுவும் தேவையில்லை.

"2008-ல நாலாம் பதிப்புல எல்லாரையும் சமமாக்கிப் பாத்தாங்க, ஆட்டமே வீடியோ கேம் மாதிரி ஆயிருச்சு." ஃபைட்டர், விசார்ட் என்று எல்லா கிளாஸையும் ஒரே அச்சில் வார்த்துவிட்டார்கள் என்ற குறை நியாயம்தான். நான் அந்த அச்சைக் கேட்கவில்லை. ஒரு கத்திக்காரன் செய்வதும் சொன்னவுடன் நடக்கணும் என்றுதான் கேட்கிறேன். 2024 புத்தகத்தில் வெப்பன் மாஸ்டரி, அதாவது ஆயுதத்துக்கென்று தனித் திறமை, வந்திருக்கிறது. அதில் 'புஷ்' உள்ள ஆயுதத்தால் அடி பட்டால், ரொம்பப் பெரிய உருவம் இல்லையென்றால், எதிரி பத்தடி பின்னால் போயாகணும். அவனுக்கு சேவிங் த்ரோ, அதாவது தப்பிக்க உருட்டுகிற டைஸ், கிடையாது. அதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. யார் சம்மதமும் இல்லாமல் நடக்கிற ஒரு காரியம், பத்தடிதான் என்றாலும், கத்திக்காரன் கையில் இருக்கிறது.

கடைசியாக வந்தது: "இத்தனை கஷ்டமா இருந்தா நீயும் விசார்ட் எடுத்துக்க வேண்டியதுதானே."

இதற்குப் பதில் சொல்லாமல் விடலாம் என்றுதான் இருந்தேன்.

ஐந்தாம் வகுப்பில் அப்பா என்ன வேலை என்று வகுப்பில் வரிசையாகக் கேட்டார்கள். நான் சொன்னதும் பின் பெஞ்சிலிருந்து "மரமேறி" என்று குரல் வந்தது. டீச்சரும் சிரித்துவிட்டார். பள்ளிக்கூடம் முடிகிறவரை அதுதான் என் பேர். எந்தப் பாளையை எப்போது தட்டணும், எத்தனை நாள் தட்டினால் ஊறும், எந்தக் கோணத்தில் சீவினால் நிற்காமல் வடியும், ஈர மரத்தில் கால் எங்கே வைக்கணும் என்று எங்க அப்பாவுக்குத் தெரிந்தது எதுவும் யாருக்கும் படிப்பாகத் தெரியவில்லை. எழுதிவைத்ததைப் படித்தவனுக்கு வித்தை, உடம்பில் வைத்திருக்கிறவனுக்கு வெறும் பலம். மேசையிலும் இதுதான் நடக்கிறது. விசார்டின் ஸ்பெல்புக்குக்கு இருக்கிற மரியாதை ஃபைட்டரின் இருபது வருஷப் பழக்கத்துக்கு இல்லை.

செங்கோடனின் ஷீட்டில் பின்கதை என்ற இடத்தில் 'கள்ளிறக்குகிறவர் மகன், ஏழு வயதில் மரமேறியவன்' என்று எழுதியிருக்கிறேன். அண்ணா, நீங்கள் அதைப் படித்துவிட்டு குரூப்பில் ஹார்ட் போட்டீர்கள். அந்த மெசேஜ் இன்னும் என் போனில் இருக்கிறது. அதைப் படித்தவர் வாயிலிருந்துதான் "ஏறுவானா" வந்தது. அது எனக்கு எங்கே போய்க் குத்தும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது என்று நம்புகிறேன். நம்பத்தான் விரும்புகிறேன்.

உங்கள் மேல் மரியாதை குறையவில்லை. இந்தப் பக்கத்தில் தமிழில் இந்த ஆட்டம் ஆட ஒரு மேசை போட்டதே நீங்கள்தான். தம்பி மேலும் கோபமில்லை, அவன் புத்தகத்தில் இருந்ததைச் செய்தான்.

வர்ற ஞாயிறு வருவேன். செங்கோடன் இன்னும் அந்தச் சுவர் அடியில்தான் கிடக்கிறான். எழுந்து மறுபடி ஏறுகிறேன் என்று சொல்வேன். இந்தத் தடவை ரோல் கேட்காதீங்க அண்ணா.