பொட்டு வைத்தால் போதுமா?

அப்பாவின் 1978 மாடல் பிரீமியர் பத்மினியை, தரைத்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது என்று ஒரு பட்டறையில் விட்டு, நாலு மாதம் நடையாய் நடந்து, கேட்ட பணத்தையும் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சும்மா ஒரு சந்தேகத்துக்கு, ஸ்பாட் வெல்டிங்கில் பொட்டுப் பொட்டாகத் தகட்டை ஒட்டிய ஜாயிண்டில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால், பட் பட் பட்டென்று சட்டைப் பொத்தான் மாதிரி வரிசையாக விட்டுப்போகிறது!

பட்டறைக்காரரைக் கேட்டால், "மிஷின்ல அடிச்சதுதான் சார், பொட்டு தெரியுதுல்ல?" என்கிறார். பொட்டு தெரிகிறது ஐயா, தகடு பிடிக்கவில்லையே!

ஸ்பாட் வெல்டிங் என்றால் மேலே குழி விழுவதா? இரண்டு செப்பு முனைகள் தகடுகளை இறுக்கிப் பிடிக்க, ஆயிரக்கணக்கான ஆம்பியர் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் பாய்ந்து, தகடுகள் தொடும் இடத்தில் இரும்பு உருகி ஒன்றாக உறைய வேண்டும். அதற்கு உள்பக்கம் சுத்தமாக இருக்க வேண்டாமா? பிரித்துப் பார்த்தால் துருவும் கருகிய பழைய பெயிண்டும்தான் இருக்கிறது. மிஷின் முனையோ மழுங்கி, காளான் மாதிரி விரிந்து கிடக்கிறது. 1 மி.மீ. தகட்டுக்கு 5 மி.மீ. முனை போதும், இவர் வைத்திருப்பது என் கட்டைவிரல் அகலம். அவ்வளவு பரப்பில் மின்சாரம் பரவினால் சூடு எங்கிருந்து வரும்? அப்புறம் பயத்தில் பக்கத்திலேயே நெருக்கி நெருக்கி இன்னும் நாலு பொட்டு. பழைய பொட்டு வழியாகவே மின்சாரம் ஓடிவிடும், புதுசு அரைவேக்காடு.

மிஷின் எட்டாத இடம் என்றால் மேல்தகட்டில் மட்டும் 8 மி.மீ. ஓட்டை போட்டு மிக் வெல்டிங்கால் (கம்பியை உருக்கி இறக்கும் வெல்டிங்) நிரப்பியிருக்கலாம், நான் வாயே திறந்திருக்கமாட்டேன். வேலை ஆரம்பிக்கும் முன்பே கெஞ்சினேன், ரெண்டு கழிவுத் தகட்டில் அடித்துக் கிழித்துக் காட்டுங்கள் என்று. நல்ல பொட்டு என்றால் ஒரு தகடு ஓட்டையாகிக் கிழியும், பொட்டு இன்னொன்றில் ஒட்டி நிற்கும். "முப்பது வருஷ சர்வீஸ் சார், எங்கிட்டயே டெஸ்ட்டா?" என்றார். இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கூட இல்லை, பாடிதான் எல்லாப் பளுவையும் தாங்குகிறது. இதில் பிள்ளைகளை உட்காரவைத்து ஓட்டியிருப்பேன்.

கடுப்பில் அதே ஸ்க்ரூடிரைவரை, பம்பாய் குர்லா தொழிற்சாலையில் அந்தக் காலத்தில் அடித்த பக்கத்துப் பொட்டில் வைத்து நெம்பினேன். ஸ்க்ரூடிரைவர்தான் வளைந்தது.